ஐந்தாம் கட்டத்தில் நாலாயிரம் டாலர்

அத்தியாயம் 4

"பாஸ், யாரோ மாடிப்படி ஏறி வர்றாங்க. சத்தத்தைக் கேட்டா மாடு மாதிரி இருக்கு."

மெர்வின் சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு திறந்தது. வந்தது மாடு இல்லை. மாட்டுப் பாலை வெண்ணெயாக்கும் ஆர்லன் நட்சன். ஆறடி இரண்டங்குலம், முழங்கால் வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ், பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்பதற்கு ஈரத் தடம் வேறு. அவர் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது.

விஸ்கான்சினில் பைன் ஸ்லூ மாதிரி சின்ன ஊரில் நட்சன் வெண்ணெயைச் சாப்பிடாத ரொட்டி கிடையாது. மூன்று தலைமுறைக் குடும்பம். அந்த வீட்டில் எது கிழிந்தாலும் வெண்ணெய்ப் பெட்டி ஒட்டும் சிவப்பு டேப்தான் மருந்து. இப்போதுகூட ஆர்லனின் இடது பூட்ஸ் குதிகாலில் சிவப்பாக ஒரு பட்டை ஒட்டியிருந்தது.

"மேடம், என் பொண்ணை யாரோ விலைக்கு வாங்கிட்டாங்க" என்றார் ஆர்லன்.

மேடம் என்று அவர் கூப்பிட்டது ஹில்டகார்ட் ப்ராக்னோவை. வருமான வரி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி, ஓய்வு பெற்ற மறுநாளே பௌலிங் கூடத்தின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்த அம்மாள். கீழே எவனாவது பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்தால் மேலே காப்பிக் கோப்பை ஆடும். மெர்வின் முன்பு அந்தக் கட்டைகளை நிமிர்த்தும் மெஷின் மெக்கானிக்காக இருந்தவன். ஒருநாள் மாடிக் குழாயைச் சரிசெய்ய ஏறி வந்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது, அவனும் இன்னும் இறங்கவில்லை.

"விலைக்கு வாங்கினாங்களா? எவ்வளவுக்கு?" என்றாள் ஹில்டகார்ட்.

"நாலாயிரம் டாலர்."

"அடேயப்பா! போன வாரம் என் காரையே எழுநூறுக்குத்தான் கேட்டாங்க அண்ணே" என்றான் மெர்வின்.

ஆர்லன் அவனை முறைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டிலும் வெண்ணெய்ப் பிசுக்கு.

முதல் காகிதம் கல்லூரி அனுப்பிய கட்டணப் படிவம். முதல் கட்டத்தில், ஆர்லனின் ஒரே மகள் சிக்னிக்குப் போன வருஷம் செலுத்தப்பட்ட கட்டணம் ஆறாயிரம். ஐந்தாம் கட்டத்தில், வந்த ஸ்காலர்ஷிப் ஆறாயிரம்.

"பால் பண்ணை மாதர் சங்கம் ரெண்டாயிரம் குடுத்துச்சு. அது எனக்குத் தெரியும், கேக் சாப்பிட்டேன். மிச்ச நாலாயிரம் எவன் குடுத்தான்? 'காலேஜ் சமையக்கட்டுல தட்டு கழுவி சம்பாதிச்சுக் கட்டிட்டேன்ப்பா'ன்னா. சமையக்கட்டுக்கு போன் பண்ணேன். சிக்னின்னு ஒருத்தியும் அங்க கழுவலையாம்!"

"இதென்ன?" ஹில்டகார்ட் இரண்டாவது காகிதத்தைக் கையிலெடுத்தாள்.

"அவளோட வரிக் கணக்கு. லீவுக்கு வந்தப்ப பிரிண்டர்ல விட்டுட்டுப் போயிட்டா. அதுல பாருங்க, ஸ்காலர்ஷிப் வருமானம் நாலாயிரம்னு அவளே எழுதியிருக்கா. அப்புறம், காலேஜ் படிவத்துல ஒட்டியிருந்த இந்தத் துண்டுச் சீட்டு."

துண்டுச் சீட்டில் உருண்டை எழுத்தில் இருந்தது: 'அப்பா, இந்தப் படிவத்தை வெச்சு உங்க வரிக் கணக்குல கல்விச் சலுகை ரெண்டாயிரத்து ஐந்நூறு கேளுங்க. மறக்காம கேளுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க.'

"கட்டணம் ஆறு, ஸ்காலர்ஷிப் ஆறு. நான் கட்டணத்துல பத்து பைசா போடல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சலுகை கேப்பேன்? கவர்மென்ட்காரன் என்னைத் தூக்கி உள்ள வைக்கணும்னு பாக்கறாளா?" ஆர்லனின் குரல் உடைந்தது. உடனே சுற்றுமுற்றும் பார்த்து ரகசியமாகக் கேட்டார். "மேடம், ஒருவேளை... அவ பால் மோர் எதுவும் தொடாத கூட்டத்துல சேந்துட்டாளோ?"

"பதறாதீங்க ஆர்லன்."

"எப்படிப் பதறாம இருக்கறது? டிரக்கைக் கழுவி வெச்சுட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை. காலைல போய் கட்டில் மெத்தையோட அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். படிச்சது போதும். பொய் சொல்லக் கத்துக்குடுக்கற காலேஜ் எனக்கு வேண்டாம்."

எழுந்தவரின் கண் ஆபீஸ் மூலையிலிருந்த குட்டி ஃபிரிட்ஜில் போய் நின்றது. அதன் கதவில் காந்தம் போட்டு ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தது. அத்தனை சோகத்திலும் ஆர்லன் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இன்னும் வெச்சிருக்கியா மெர்வின்?"

"எடுப்பேனா அண்ணே? ஊரோட சரித்திரமில்ல!"

போன ஜூலை கவுண்டிச் சந்தையில் எடுத்த படம் அது. பக்கத்து மாநில மார்ஜரின் கம்பெனி, வெண்ணெய் வேஷம் போடுகிற அந்த எண்ணெய்ப் பண்டத்துக்கு விளம்பரம் செய்ய, ஆள் உயர மஞ்சள் டப்பா வேஷம் ஒன்றை அனுப்பி ஆட விட்டிருந்தது. வெண்ணெய் ஊரின் நட்டநடுவில்! ஆர்லன் ஒரு சோளக் கதிரை எடுத்தார், குறி பார்த்தார், விட்டார். படத்தில் மஞ்சள் டப்பா மல்லாக்கச் சாய்ந்துகொண்டிருக்கிறது, டப்பாவின் நெற்றியில் சோளம். ஆர்லனுக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய இரண்டாவது கதிரை நீட்டிக்கொண்டிருப்பவன் நம்ம மெர்வின்.

"வெண்ணெய் தடவின சோளம். அதுதான் விசேஷம்" என்று சொல்லிவிட்டு ஆர்லன் படியிறங்கினார்.

ஹில்டகார்ட் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். படத்தின் மேல் பாதியை எல்லோரும் பார்ப்பார்கள். அவள் கீழ்ப் பாதியைப் பார்த்தாள். பிறகு படத்தை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மெர்வின், இருக்கற வருமானத்தை மறைச்சவங்களை முப்பத்தொரு வருஷம் பிடிச்சேன். மறைக்க அவசியமே இல்லாத, சொல்லவும் அவசியம் இல்லாத வருமானத்தைத் தானா வந்து சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். காரை எடு."

"கார்ல பெட்ரோல் இல்ல பாஸ்."

"சீஸ் வாங்கக் காசு இருக்கில்ல? அதுல போடு."

கல்லூரிக்கு நாற்பது மைல். மெர்வின் வழி நெடுக சீஸ் துணுக்கு மென்றுகொண்டே வந்தான். அன்று காலையில் செய்த சீஸ் துணுக்கு என்றால் பல்லில் கீச் கீச் என்று கத்தும். கத்தாவிட்டால் அது பழசு.

ஸ்காலர்ஷிப் ஆபீசில் இருந்த அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மாணவர் விவரம் யாருக்கும் தரமாட்டோம். பெத்தவங்களுக்கே தரமாட்டோம்."

ஹில்டகார்ட் மெர்வினைப் பார்த்தாள். மெர்வின் தொண்டையைக் கனைத்து, சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டான்.

"நான் பைன் ஸ்லூ பௌலிங் கட்டைகள் நல நிதியத்தின் தலைவர். உங்க பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு ஒரு யோசனை. அதுக்கு முன்னால, மத்தவங்க யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு தெரிஞ்சா வசதியா இருக்கும்."

அந்த அம்மாள் துள்ளி எழுந்தாள். முகத்தில் ஆயிரம் வாட்ஸ். "ரொம்ப சந்தோஷம் சார்! நீங்க எவ்வளவு குடுக்கறீங்க?"

"அது... இருபத்தஞ்சு..."

"ஆயிரமா!"

"டாலர்."

முகத்தில் தொளாயிரம் வாட்ஸ் குறைந்தது. ஆனால் பழக்க தோஷம் விடுமா? மேஜைக்கடியிலிருந்து ஐந்தடி நீள அட்டைக் காசோலையை இழுத்தாள். தடித்த பேனாவால் இருபத்தைந்து என்று எழுதினாள். மெர்வினைச் சுவரோரம் நிறுத்தி, காசோலையைக் கையில் திணித்து, படம் பிடித்து, பணத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். எல்லாம் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நன்கொடையாளர் எல்லாரும் தாழ்வாரத்துல தொங்குவாங்க. நீங்களும் திங்கள்கிழமை தொங்குவீங்க."

"யாருன்னு சொல்லமாட்டாங்களாம், ஆனா படம் போட்டு மாட்டுவாங்களாம்" என்று முணுமுணுத்தாள் ஹில்டகார்ட், தாழ்வாரத்தை நோக்கி நடந்தபடியே.

தாழ்வாரச் சுவர் முழுக்க அட்டைக் காசோலைகள். சவ அடக்க நிலையத்தார் கொடுத்தது, முட்டை வியாபாரிகள் கொடுத்தது, தூண்டில் புழு விற்பவர் கொடுத்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் பல்லைக் காட்டும் ஒரு மாணவர். பதினேழாவது படத்தில் மட்டும் பல் இல்லை, முகமே இல்லை. நாலாயிரம் டாலர் காசோலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சந்தைக் கூடாரத்தின் முன்னால் நின்றது ஒரு மஞ்சள் டப்பா.

மெர்வின் வாயில் கீச் சத்தம் நின்றது. "பாஸ், இது நம்ம டப்பாவாச்சே! சோளம் வாங்கின டப்பா!"

"கால்களைப் பாரு."

ஹில்டகார்ட் கைப்பையிலிருந்து பத்திரிகைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். இரண்டு படத்திலும் டப்பாவுக்குக் கீழே வெள்ளை ரப்பர் பூட்ஸ். இரண்டிலும் இடது குதிகாலில் சிவப்பாக ஒரு பட்டை.

"சந்தை மைதானம் அன்னைக்குச் சேறு. கம்பெனி வேஷம் குடுத்துச்சு, செருப்பு குடுக்கல. வீட்டுல இருந்ததை மாட்டிக்கிட்டு வந்திருக்கா. மெர்வின், இந்த ஊர்ல சிவப்பு டேப் ஒட்டின வெள்ளை பூட்ஸ் எத்தனை வீட்டுல இருக்கும்?"

மெர்வின் கணக்குப் போட்டான். ஒரே ஒரு வீடுதான் வந்தது. அடுத்த கணக்கு தானாக வந்தது: இரண்டாவது சோளத்தை எடுத்துக் கொடுத்தது யார்? அந்தப் படத்தைத் தினமும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் அவன் ஃபிரிட்ஜையே திறப்பான்.

சிக்னி நட்சன் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்து வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா உயரம், அப்பா தாடை.

"ரொட்டியில ஒண்ணும் தடவலையா?" என்றபடி எதிரில் உட்கார்ந்தாள் ஹில்டகார்ட். "வெண்ணெய் தடவ மனசாட்சி விடல, மார்ஜரின் தடவ ரத்தம் விடல. சரியா?"

பெண்ணின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"பாதி தெரியும். அந்தப் பாதிக்கே நாளைக்கு டிரக் வருது, உன்னைக் கட்டில் மெத்தையோட ஏத்திட்டுப் போக. மீதியை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சிக்னி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். ஹில்டகார்ட் மெர்வின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, ஆறு சீஸ் துணுக்கை இடப்பக்கமும் ஆறை வலப்பக்கமும் வரிசையாக வைத்தாள்.

"மெர்வின், கை வைக்காதே. இடப்பக்கம் கட்டணம், ஆறாயிரம். வலப்பக்கம் ஸ்காலர்ஷிப், ஆறாயிரம். கட்டணத்துக்குப் போன ஸ்காலர்ஷிப்புக்கு வரி கிடையாது. அப்படியே விட்டுட்டா இவளுக்கு வருமானமும் இல்ல, வரியும் இல்ல. ஆனா கட்டணம் முழுக்க ஸ்காலர்ஷிப்பே கட்டிடுச்சுன்னு ஆகும். பெத்தவங்களுக்குச் சலுகை பூஜ்யம்."

"சரி."

"இப்ப பாரு." வலப்பக்கத்திலிருந்து நாலு துணுக்கை எடுத்துச் சிக்னியின் ரொட்டித் தட்டில் போட்டாள். "இந்த நாலும் கட்டணத்துக்குப் போகல, தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் போச்சு. அப்படிப் போனா அது வருமானம், இவ கணக்குல காட்டணும். காட்டிட்டா. ஆனா மொத்த வருமானமே இத்தனூண்டு, அதனால வரி பூஜ்யம்தான். அந்தப் பக்கம் நாலாயிரம் கட்டணம் குடும்பம் கட்டினதா நிக்குது. அதுக்கு அப்பா கணக்குல முழுச் சலுகை, ரெண்டாயிரத்து ஐந்நூறு. எல்லாம் சட்டப்படி. ஒரே ஒரு நிபந்தனை, ஸ்காலர்ஷிப் குடுத்தவங்க சாப்பாட்டுக்கும் செலவு பண்ணலாம்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்காங்க, கடுதாசி இருக்கு" என்றாள் சிக்னி மெல்ல. "வரிப் புத்தகத்தை மூணு தடவை படிச்சேன். ரெண்டு தடவை அழுகை வந்துச்சு."

"நான் முப்பத்தொரு வருஷம் அழுதேன்" என்றாள் ஹில்டகார்ட்.

"ஆமா, இதை அப்பாகிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன?" என்றான் மெர்வின்.

"மார்ஜரின் காசுன்னா அப்பா தொடுவாரா? போன வருஷம் பட்டறை பாய்லர் வெடிச்சுது. என் படிப்புக்காக ஏரி உறைஞ்சதும் அது மேல போடற மீன்பிடிக் குடிலை விக்கப் போறேன்னு அம்மாகிட்ட ராத்திரி பேசினார். எனக்குப் பேர் வெக்கறதுக்கு முன்னாலயே அந்தக் குடிலுக்குப் பேர் வெச்சுட்டார். குளிர்காலம் முச்சூடும் அதுல உக்காந்துதான் மனுஷன் உயிரோட இருக்கார். மறுநாளே மார்ஜரின் கம்பெனியோட ஸ்காலர்ஷிப் போட்டிக்கு எழுதிப் போட்டேன். கட்டுரை எழுதணும், சந்தையில டப்பா வேஷம் போட்டு ஆடணும், அவ்வளவுதான். ஜெயிச்சுட்டேன்." அவள் தன்னையறியாமல் நெற்றியைத் தடவினாள். "மூணு நாள் வீக்கம். கதவுல முட்டிக்கிட்டேன்னு சொன்னேன். அப்பாதான் ஐஸ் வெச்சார்."

ரொட்டித் தட்டை அந்த நாலு துணுக்கோடு மெர்வின் அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடும்மா" என்றான். அன்று அவன் சொன்ன வார்த்தையில் கேலி இல்லாதது அது ஒன்றுதான்.

"கிளம்பு சிக்னி" என்று ஹில்டகார்ட் எழுந்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. உங்கப்பா எங்க இருப்பார்னு ஊருக்கே தெரியும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைன் ஸ்லூ மொத்தமும் ஏரிக்கரை விடுதியில்தான் இருக்கும். வறுத்த மீன், உருளைக்கிழங்கு அடை, ரை தானிய ரொட்டி, மேஜைக்கு மேஜை தட்டில் நட்சன் வெண்ணெய். மூலையில் ஒருவர் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார். ஆர்லன் தன் வழக்கமான மேஜையில் மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழப் பார்த்தார், பிறகு ஞாபகம் வந்து முறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

"யாரு அந்த ஆளு?" என்றார்.

ஹில்டகார்ட் இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்தாள். தாழ்வாரப் படத்தை மெர்வின் செல்போனில் சுட்டு வந்திருந்தான்.

"ஆளு இல்ல ஆர்லன். டப்பா."

ஆர்லன் பார்த்தார். மீசை துடித்தது. "மார்ஜரினா! என் வீட்டுப் பொண்ணுக்கு மார்ஜரின்காரன் குடுத்த..." எழுந்தேவிட்டார். பக்கத்து மேஜைகள் திரும்பின. மெர்வின் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"கத்தறதுக்கு முன்னால கீழ்ப் பாதியைப் பாருங்க" என்றாள் ஹில்டகார்ட்.

அவர் கண் கீழே இறங்கியது. வெள்ளை பூட்ஸ். சிவப்பு டேப். தன் கையாலேயே ஒட்டிய டேப். பிறகு கண் மெதுவாக மேலே ஏறியது. டப்பாவின் நெற்றி, நெற்றியில் சோளம்.

"இது..." ஆர்லனின் குரல் எங்கேயோ போயிருந்தது. "நீயா கண்ணு?"

"ஆமாப்பா."

"கதவுல முட்டிக்கிட்டேன்னியே."

"நீங்க நல்லா குறி பாத்து எறியறீங்கப்பா."

ஆர்லன் தொப்பென்று உட்கார்ந்தார். நாலாயிரம், குடில், சலுகை எல்லாவற்றையும் ஹில்டகார்ட் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்து, கைப்பையிலிருந்து சலுகைப் படிவத்தையும் எடுத்தாள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்பது மாசத்துக்கு முந்தின வீக்கம் இன்னும் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. கண் கலங்கியது. துடைக்கவில்லை.

பிறகு கையைத் தூக்கிப் பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா. எனக்கு மார்ஜரின் கொண்டு வா."

அக்கார்டியன் நின்றது. யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள்.

பரிமாறுகிற பெண் வெலவெலத்துப் போனாள். அந்த மாநிலத்தில் கேட்காதவர் மேஜையில் மார்ஜரின் வைத்தால் சட்டப்படி குற்றம். கேட்டால் கொடுக்கலாம். ஆனால் அந்த விடுதியில் இதுவரை யாரும் கேட்டதில்லை. "நிஜமாவா கேக்கறீங்க ஆர்லன்? நீங்களா?"

"நானேதான். எல்லாரும் கேட்டுக்குங்க. ஆர்லன் நட்சன் மார்ஜரின் கேக்கறான்!"

சமையல்கட்டில் பத்து நிமிஷம் உருட்டினார்கள். கடைசியில் முதலாளியம்மாவின் இதய நோய்க்கார மைத்துனருக்காக ஒளித்து வைத்திருந்த ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. ஆர்லன் அதைப் பிரித்தார், ரை ரொட்டியில் கனமாகத் தடவினார், ஊரே பார்க்க ஒரு கடி கடித்தார். மென்றார். முகம் அஷ்டகோணலாகியது. இன்னும் மென்றார். விழுங்கினார்.

"எப்படிப்பா இருக்கு?"

"கண்றாவி." இன்னொரு கடி. "படு கண்றாவி. மேடம், அந்தச் சலுகைப் பேப்பரைக் குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டார். காகிதத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் மார்ஜரின் பெருவிரல் ரேகையும் விழுந்தது.

"இந்தக் காசு ஒரு வருஷத்துக்குத்தானா?" என்று மகளைக் கேட்டார்.

"நாலு வருஷமும் உண்டுப்பா. ஆனா ஒவ்வொரு ஜூலையும் சந்தையில டப்பா ஆடணும்." சிக்னி தயங்கினாள். "வேண்டாம்னா விட்டுடறேன்."

ஆர்லன் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை கடைசியில் வந்து நின்ற இடத்தில் மெர்வின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கையைத் தட்டுக்கடியில் ஒளித்துக்கொண்டான்.

"ஆடு கண்ணு" என்றார் ஆர்லன். "நானும் வர்றேன். உன் பக்கத்துலயே நிப்பேன். எவன் சோளத்துல கை வைக்கிறான்னு பாக்கறேன்."